கரையும் பூச்சுக்கு ஏன் காசு? இடுப்பு மூட்டுத் தண்டும் ஹைட்ராக்சிஅபடைட்டும்

வாசகர் கேள்வி, 9 பிப்ரவரி 2023

அப்பாவுக்கு 61 வயது. இடுப்பு மூட்டு மாற்ற வேண்டும். தொடை எலும்புக்குள் இறக்கும் தண்டை எலும்புச் சிமெண்ட் இல்லாமல் பொருத்துவார்களாம், அதில் எலும்போடு ஒட்டும் செராமிக் பூச்சு இருக்கும் என்கிறார் டாக்டர். தேடிப் படித்தால் அந்தப் பூச்சு சில வருடங்களில் கரைந்துவிடும் என்று போட்டிருக்கிறது. கரைந்து போகிற பூச்சுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? எனக்கு இது வெறும் வியாபாரமாகத்தான் தெரிகிறது.

9 பிப்ரவரி 2023, இரவு

கரைவதால்தான் அது ஒட்டுகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

அந்தப் பூச்சு ஹைட்ராக்சிஅபடைட். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த பொருள். நம் எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமம். அந்தக் கனிமம் இதற்கு நெருங்கிய உறவு. கொஞ்சம் கார்பனேட் கலந்திருக்கும், படிகங்கள் மிகப் பொடியாக இருக்கும். பூச்சு உடல் திரவத்தில் மெல்லக் கரையும்போது தண்டை ஒட்டிய குறுகிய இடத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் கூடிவிடுகின்றன. அங்கேயே எலும்புக் கனிமத்தை ஒத்த புது அபடைட் படிகிறது. அதில் புரதங்கள் ஒட்டுகின்றன, எலும்பை உருவாக்கும் செல்கள் வந்து உட்கார்ந்து வேலையைத் தொடங்குகின்றன. கரையவே கரையாத பரப்பில் இந்தத் தொடக்கம் இவ்வளவு சீக்கிரம் நடக்காது.

அப்பாவின் எடையைக் காலமெல்லாம் தாங்கப்போவது பூச்சு இல்லை, டைட்டானியம் உலோகக் கலவை. அதன் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி வைத்திருப்பார்கள். பூச்சின் வேலை முதல் சில மாதங்களுக்குத்தான்: எலும்பைச் சீக்கிரம் கூட்டிவந்து அந்தச் சொரசொரப்பில் சேர்ப்பது. எலும்பு உலோகத்தைக் கவ்விய பிறகு பூச்சு மெலிந்தாலும் தண்டு அசையாது.

எலும்பு வருவதற்கு முன்பே பூச்சு கரைந்துவிட்டால்தான் கஷ்டம். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டியது "கரையுமா?" என்று இல்லை, "எவ்வளவு வேகத்தில் கரையும்?" என்று.

10 பிப்ரவரி 2023

"என் பெரியப்பாவுக்குப் போட்ட செராமிக் இளஞ்சிவப்பு நிறம், ஆயுளுக்கும் கரையாது" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். அது வேறு பொருள். இரண்டையும் கலந்து பேசினால் கேட்டவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

அவர் சொல்வது தண்டின் உச்சியில் உட்காரும் பந்து. அலுமினாவில் சிர்கோனியா கலந்து செய்வார்கள். இளஞ்சிவப்புக்குக் காரணம் துளி குரோமியம் ஆக்சைடு. பந்து, இடுப்பெலும்பில் பொருத்தும் கிண்ணத்துக்குள் உருள வேண்டும், தேயக் கூடாது, எதோடும் ஒட்டக் கூடாது. உடலோடு எந்தப் பேச்சுவார்த்தையும் வைத்துக்கொள்ளாத செராமிக் அது. பிரான்ஸில் பியேர் பூட்டான் 1970ல் அலுமினாப் பந்தையும் அலுமினாக் கிண்ணத்தையும் முதலில் பொருத்தினார். பூச்சு இதற்கு நேர் எதிர்: உருளும் இடத்தில் இருக்கவே கூடாது, எலும்பைத் தொடும் இடத்தில் மட்டும்தான் இருக்க வேண்டும். ஒரே நோயாளிக்கு இரண்டும் போடுவதுண்டு. பில்லில் "செராமிக்" என்று மட்டும் இருந்தால் எது என்று கேளுங்கள்.

10 பிப்ரவரி 2023, கொஞ்சம் கழித்து

முழங்காலுக்கும் இந்தப் பூச்சு உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு. ஆனால் முழங்கால் மூட்டு பெரும்பாலும் சிமெண்ட் வைத்துத்தான் பொருத்தப்படுகிறது. சிமெண்ட் போட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

19 பிப்ரவரி 2023

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் இல்லை. கோயம்புத்தூரில் பிளாஸ்மா ஸ்பிரே வேலையில் இருந்தவன். பல வருடம் பம்ப் ஸ்லீவ், ஜவுளி இயந்திர உருளை என்று குரோமியம் ஆக்சைடு, அலுமினா அடித்த கைதான். அப்புறம்தான் எலும்பு வேலை வந்தது. அந்த வேலை எனக்குச் சொல்லிக்கொடுத்ததை விரிவாக எழுதுகிறேன், கேள்விக்கான பதில் இதற்குள்தான் இருக்கிறது.

பிளாஸ்மா கன்னுக்குள் ஆர்கான் வாயு ஓடும், ஹைட்ரஜனோ நைட்ரஜனோ கொஞ்சம் கூடச் சேர்ப்போம். டங்ஸ்டன் முனைக்கும் செம்பு நாசிலுக்கும் நடுவில் மின்வில் எரியும். உள்ளே வெப்பம் 10,000 டிகிரியைத் தாண்டும். அந்தச் சுடரில் பவுடரை ஊட்டினால் ஒவ்வொரு துகளும் சில மில்லி விநாடிதான் உள்ளே இருக்கும். அதற்குள் உருகி, பறந்து, தண்டில் மோதி, சுவரில் வரட்டி தட்டியதுபோல் தட்டையாகப் படிந்து உறைந்துவிடும். ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்கு சேர்ந்ததுதான் பூச்சு. தடிமன் சாதாரணமாக 50 முதல் 200 மைக்ரான் வரை (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்).

குரோமியம் ஆக்சைடுக்கு ஒரே சூத்திரம்: நன்றாக உருக்கு, நன்றாக ஒட்டும். ஒட்டவில்லையா, பவரை ஏற்று. ஹைட்ராக்சிஅபடைட் அந்தப் பழக்கத்துக்கு மசியாது. சூட்டில் முதலில் தன்னிடமுள்ள நீர்க்கூறை இழக்கும். ஏறத்தாழ 1,350 டிகிரிக்கு மேல் டிரைகால்சியம் பாஸ்பேட், டெட்ராகால்சியம் பாஸ்பேட் என்று பிரியும், இன்னும் போனால் சுண்ணாம்பும் வரும். இவையெல்லாம் அசல் பொருளைவிட வேகமாகக் கரைபவை. இதோடு இன்னொன்று: உருகிய துளி குளிர்ந்த உலோகத்தில் மோதிச் சட்டென்று உறைவதால் அணுக்கள் வரிசையில் நிற்க நேரம் கிடைப்பதில்லை, கண்ணாடி போல ஒழுங்கற்று நின்றுவிடும். அந்தக் கண்ணாடிப் பகுதியும் வேகமாகக் கரையும். தண்டை முதலில் தொடும் அடுக்குதான் அதிகம் இப்படி ஆவது. கரையக் கூடாத அடியில்தான் கரையும் பொருள் போய்ச் சேர்கிறது!

அதனால் இந்த வேலை முழுக்க இழுபறி. பவரைக் கூட்டினால் ஒட்டும் வலிமை ஏறும், படிகத்தன்மை இறங்கும். குறைத்தால் படிகம் அப்படியே இருக்கும், அரைகுறையாக உருகிய துகள் பிறகு உதிரும். ஐ.எஸ்.ஓ. 13779 தரநிலை இரண்டு பக்கமும் வேலி போடுகிறது: படிகத்தன்மை 45 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஒட்டும் வலிமை சராசரி 15 மெகாபாஸ்கலுக்குக் குறையக் கூடாது. அடித்து முடித்த பிறகு 600, 700 டிகிரியில் வைத்துக் கண்ணாடிப் பகுதியை மறுபடி படிகமாக்கும் வழியும் உண்டு.

ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் எங்களிடம் வந்து, ஒட்டும் வலிமையைக் காட்டும் இழுவைச் சோதனை எண்ணை மட்டுமே கேட்டது. "இன்னும் கூட்டிக் காட்டுங்கள்" என்று. படிகத்தன்மையைக் காட்டும் எக்ஸ்.ஆர்.டி. என்ற எக்ஸ்-கதிர்ச் சோதனை வரைபடத்தை யாரும் பார்க்கக்கூட இல்லை. எனக்கு அன்று வந்த கோபம் இன்றும் போகவில்லை. அந்த எண்ணை ஏற்றுவது சுலபம். ஏற்றிய பூச்சு போகப்போவது யாரோ ஒருவரின் தொடை எலும்புக்குள்.

20 பிப்ரவரி 2023

நேற்றைய குறிப்போடு இதையும் சேர்த்துப் படியுங்கள். இழுவைச் சோதனையில் பூச்சடித்த உருளையின் முகத்தில் எபாக்சி பசை தடவி இன்னொரு உருளையை ஒட்டி இழுப்பார்கள். பூச்சு மெல்லியதாகவும் துளை நிறைந்ததாகவும் இருந்தால் பசை உள்ளே இறங்கி உலோகத்தையே தொட்டுவிடும். அப்போது வரும் பெரிய எண் பசையின் பலம். உடைந்த முகத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எழுதும் அறிக்கைக்கு மதிப்பில்லை.

5 மார்ச் 2023

"முழுத் தண்டையும் ஹைட்ராக்சிஅபடைட்டிலேயே செய்தால் என்ன?" நல்ல கேள்வி.

உடைந்துவிடும். இழுவிசைக்கும் விரிசலுக்கும் இது பாவமான பொருள். நம் எலும்பில் கனிமத்துக்குள் கொலாஜன் நார் ஓடுகிறது, விரிசல் வந்தால் அந்த நார் பிடித்து நிறுத்தும். சுட்ட செராமிக்கில் பிடிக்க ஆள் இல்லை. அதனால்தான் சுமையை உலோகத்திடமும் உறவை செராமிக்கிடமும் கொடுத்தார்கள். லண்டனில் ரொனால்டு ஃபர்லாங் 1985ல் இந்தப் பூச்சு போட்ட இடுப்புத் தண்டைப் பொருத்தினார். அடுத்த வருடம் பிரான்ஸில் கோரைல் என்ற தண்டு வந்தது, எலும்புக்குள் போகும் பகுதி முழுக்க 155 மைக்ரான் பூச்சு. அது இன்றும் போடப்படுகிறது.

சுமை இல்லாத இடத்தில் துண்டாகவே வைக்கலாம், வைக்கிறார்கள். எலும்புக் குழியை நிரப்பும் குருணை, கண்ணை எடுத்தவர்களுக்குக் குழிக்குள் வைக்கும் துளையுள்ள உருண்டை. அந்த உருண்டைகளில் ஒரு வகை கடல் பவளத்திலிருந்து வந்தது. பவளத்தின் கால்சியம் கார்பனேட்டைச் சூடான நீரழுத்தத்தில் பாஸ்பேட்டாக மாற்றிவிடுவார்கள், துளைகளின் வடிவம் அப்படியே இருக்கும். ரத்தக்குழாய் அந்தத் துளைகளுக்குள் வளரும். இதை முதலில் படித்தபோது பவளத்தைப் பார்த்து எலும்பை நினைத்தவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

6 மார்ச் 2023

ஒருவர் கேட்டது: கால்சியம் மாத்திரை, பிரண்டைத் துவையல் எல்லாம் நிறையச் சாப்பிட்டால் பூச்சு மெல்லக் கரையுமா?

இல்லை. ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை உடலே கட்டுப்படுத்துகிறது. உடல் திரவம் ஏற்கெனவே அபடைட் படியும் அளவுக்கு நிறைந்த கரைசல்தான். அதிலும் பூச்சு கரைவதற்கு அந்தக் கண்ணாடிப் பகுதிகளும், எலும்பை அரிக்கும் செல்கள் சுரக்கும் அமிலமும் காரணம். துவையலை எலும்புக்காகவும் ருசிக்காகவும் சாப்பிடுங்கள்.

2 ஏப்ரல் 2023

இந்தத் துறை எங்கே ஆரம்பித்தது என்று கேட்ட பொறியியல் மாணவருக்காக.

1967. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் என்ற செராமிக் பேராசிரியர். ராணுவ மாநாடு ஒன்றுக்குப் பேருந்தில் போகிறார். பக்கத்தில் வியட்நாமிலிருந்து திரும்பிய கர்னல். கதிர்வீச்சைத் தாங்கும் பொருட்கள் பற்றி இவர் பேச, அவர் கேட்கிறார்: உடல் தள்ளாத பொருள் ஒன்றைச் செய்ய முடியாதா? கை கால் போன இளைஞர்களைப் பார்த்துவிட்டு வந்தவரின் கேள்வி அது. ஹென்ச் ஊருக்குத் திரும்பி, எலும்பில் இருப்பது கால்சியம் பாஸ்பேட் என்றால் அதன் கூறுகளைக் கொண்ட கண்ணாடி ஒன்றை உருக்கிப் பார்ப்போம் என்று இறங்கினார். 1969ல் டெட் கிரீன்லீ என்ற மருத்துவர் அதை எலிகளின் தொடை எலும்பில் வைத்தார். ஆறு வாரம் கழித்து எடுக்கப் போனால் கண்ணாடி வரவில்லை. தள்ளினாலும் அசையவில்லை, எலும்போடு ஒன்றாகிவிட்டது.

அதுதான் 45எஸ்5. எடையில் சிலிக்கா 45 சதவீதம், சோடியம் ஆக்சைடும் கால்சியம் ஆக்சைடும் 24.5 சதவீதம் வீதம், பாஸ்பரஸ் பென்டாக்சைடு 6. ஜன்னல் கண்ணாடியில் சிலிக்கா 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும், அதனால் அது மழையில் கரையாது. இதில் சிலிக்காவைக் குறைத்தது கரைய வேண்டும் என்றுதான். சோடியம் வெளியே போகும், மேற்பரப்பில் சிலிக்கா ஜெல் நிற்கும், அதன்மேல் சில மணி நேரத்திலேயே கால்சியம் பாஸ்பேட் படிந்து அபடைட்டாகும். முதல் நாள் நான் எழுதிய அதே சங்கதி, இன்னும் வேகமாக.

இவ்வளவு நல்ல கண்ணாடியை ஏன் உலோகத்தில் பூசவில்லை? விரிவு ஒத்துப்போகவில்லை. சூடேறினால் இந்தக் கண்ணாடி டைட்டானியம் கலவையைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும். சூடாகப் பூசிக் குளிர வைத்தால் கண்ணாடி அதிகம் சுருங்கப் பார்க்கும், உலோகம் விடாது, பூச்சில் விரிசல் ஓடும். சிலிக்காவைக் கூட்டி விரிவைச் சரிசெய்யலாம், ஆனால் கூட்டக் கூட்ட எலும்போடு ஒட்டும் குணம் மங்கும். எடையில் 60 சதவீதத்தைத் தாண்டினால் உருக்கிச் செய்த கண்ணாடிக்கு ஒட்டும் குணமே போய்விடும். மறுபடியும் அதே இழுபறி.

கண்ணாடி வேறு வழியில் நம் வீட்டுக்கு வந்துவிட்டது. பல் கூச்சத்துக்கான சில பற்பசைகளில் நோவாமின் என்ற பெயரில் இருப்பது இந்த 45எஸ்5 பொடிதான். பல்லின் நுண்குழல் வாய்களில் அபடைட் படிந்து அடைக்கிறது. ஃபின்லாந்தின் துர்குவில் வளர்ந்த எஸ்53பி4 என்ற கண்ணாடியை எலும்புச் சீழ் நோய்க் குழிகளில் நிரப்புகிறார்கள். கரையும்போது சுற்றியுள்ள காரத்தன்மையும் உப்புச் செறிவும் ஏறி பாக்டீரியா பிழைக்க முடியாமல் போகிறது. நீரிழிவுப் புண்ணால் கால் எலும்பு வரை சீழ் பிடித்தவர்களை நம் ஊரில் தெருவுக்குத் தெரு பார்க்கிறோம். இந்தக் கண்ணாடி பரவலாகவும் மலிவாகவும் கிடைக்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

16 ஏப்ரல் 2023

அதே மாணவரின் அடுத்த கேள்வி, முட்டை ஓட்டிலிருந்து ஹைட்ராக்சிஅபடைட் செய்து செயற்கை உடல் திரவத்தில் போட்டாராம். அபடைட் படிந்ததாம். "எலும்போடு ஒட்டும்" என்று அறிக்கையில் எழுதலாமா?

எழுதாதீர்கள், தம்பி. அந்தத் திரவத்தைக் கியோட்டோவில் டடாஷி கொக்குபோ குழு வகுத்தது. ரத்தப் பிளாஸ்மாவின் அயனிகளை ஏறத்தாழ அதே அளவில் வைத்து, 36.5 டிகிரி, அமிலகார அளவு 7.4. அதில் புரதம் இல்லை, செல் இல்லை. அபடைட் படிந்தால் மேலே சோதிக்கத் தகுந்த பொருள் என்று சொல்லலாம். படியாமலேயே உடலில் எலும்போடு ஒட்டும் பொருட்களும் உண்டு. 2009ல் போனர், லெமேத்ர் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தச் சோதனையை நம்பி உடலுக்குள் நடப்பதைக் கணிக்க முடியுமா என்று விரிவாகவே கேள்வி எழுப்பினார்கள். அதையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

கொக்குபோவின் இன்னொரு வேலை உங்கள் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்து பார்க்கக்கூடியது. டைட்டானியத்தை அடர்ந்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 60 டிகிரியில் ஒரு நாள் ஊறவைத்து, பிறகு 600 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடுவது. மேலே ஒட்ட வைக்கும் பூச்சே கிடையாது, உலோகத்தின் தோலே சோடியம் டைட்டனேட்டாக மாறி அபடைட்டை அழைக்கிறது. உரிந்து போக எதுவும் இல்லை. ஸ்பிரே அடித்தே பிழைத்த எனக்கு அந்த யோசனையின் எளிமை பிடித்திருக்கிறது.

காரக் கரைசலோடு கவனம். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள்.

21 மே 2023

ஸ்வீடன், டென்மார்க் போன்ற நார்டிக் நாடுகளில் மூட்டு மாற்றியவர்களைக் கணக்கெடுத்து வரும் பதிவேடு பற்றி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பதில் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதுவரை நான் எழுதியதைப் படித்தால் பூச்சு போட்டது எப்போதும் சிறந்தது என்று தோன்றும்.

அந்தப் பதிவேட்டை வைத்து 2015ல் வந்த ஆய்வு லட்சத்துக்கும் மேற்பட்ட சிமெண்ட் இல்லாத தண்டுகளைப் பார்த்தது. ஹைட்ராக்சிஅபடைட் பூசியவற்றுக்கும் பூசாதவற்றுக்கும் மறு அறுவை வரை தாக்குப்பிடிப்பதில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அதற்கு முன் 2010ல் ஸ்வீடன் பதிவேட்டை வைத்து வந்த ஆய்வில், இந்தப் பூச்சு போட்ட இடுப்புக் கிண்ணங்கள் மறு அறுவைக்கு வரும் வாய்ப்பு கூடுதலாகவே இருந்தது. பழைய கிண்ணங்களின் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் உள்ளுறையில் உதிர்ந்த பூச்சுத் துகள் பதிந்திருந்ததையும் கண்டிருக்கிறார்கள்.

இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். நல்ல வடிவம், நல்ல சொரசொரப்பு, இறுக்கமான பொருத்தம் இருந்தால் வெறும் டைட்டானியத்தையும் எலும்பு பிடித்துக்கொள்ளும். 1950களிலேயே ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற ஆய்வாளர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். பூச்சு கைகொடுப்பது நிலைமை சரியில்லாதபோது. டென்மார்க்கில் சொபல்லே குழு நாய்களில் செய்த சோதனைகளில், எலும்புக்கும் உலோகத்துக்கும் இடையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டாலும், 150 மைக்ரான் அசைவு கொடுத்தாலும் பூச்சு உள்ள பக்கம் நன்றாகத் தேறியது. வெறும் டைட்டானியத்தைச் சுற்றி அசைவில் நார்த்திசு வந்தது. ஆக, இறுக்கமாகப் பொருந்திய ஒரு சாதாரண நோயாளிக்குப் பூச்சால் பெரிய வித்தியாசம் இல்லாமல் போகலாம். இடைவெளி விழுந்தவருக்கு அதுவே காப்பாற்றலாம். யார் எந்த வகை என்று அறுவை மேசையில் எலும்பைத் திறந்த பிறகுதான் தெரிகிறது.

அதனால் கேள்வி கேட்டவரிடம் ஒன்று சொல்ல வேண்டும். பூச்சு இருக்கிறதா என்பதைவிட, அந்தத் தண்டின் மாடல் ஏதாவதொரு நாட்டுப் பதிவேட்டில் 10, 15 வருடம் நின்று காட்டியிருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். பூச்சு பற்றிய விளம்பரத் தாளைவிட அது பெரிய சான்று.

22 மே 2023

150 மைக்ரான் அசைவு என்றதும் சிலர் பயந்திருக்கிறார்கள். பயம் வேண்டாம், ஆனால் அடக்கம் வேண்டும்.

என் அத்தைக்கு சிமெண்ட் இல்லாத தண்டு போட்டபோது முதல் சில வாரம் வாக்கர் வைத்துத்தான் நடக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். அத்தைக்கு வலி இல்லை. "வலியே இல்ல, எதுக்குடா இந்தக் கம்பி வண்டி?" என்று ஓரமாக வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் கண்ணால் பார்த்து அடித்த பூச்சு எப்படி எலும்புக்காகக் காத்திருக்கும் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. உட்கார வைத்து, உள்ளே இன்னும் எலும்பு வந்து சேரவில்லை, வலி இல்லாததற்கும் ஒட்டியதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். அதற்குப் பிறகு வாக்கரை விடவில்லை.

யாருக்கு எத்தனை நாள் என்பது எலும்பின் தரத்தையும் அறுவையையும் பொறுத்தது. சிலரை மறுநாளே முழு எடை வைக்கச் சொல்வார்கள். உங்கள் டாக்டர் சொல்வதைப் பின்பற்றுங்கள். புகை பிடிப்பவர் வீட்டில் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், எலும்பு வளர்ச்சியைப் புகை கெடுக்கும்.

11 ஜூன் 2023

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். அப்பாவுக்கு அறுவை முடிந்தது, பூச்சு போட்ட தண்டுதான். மகிழ்ச்சி. "ஒருவேளை மறுபடி எடுக்க வேண்டி வந்தால்?" என்று கேட்கிறார்.

கடினம்தான். எலும்பு நன்றாகக் கவ்விய தண்டை உருவி எடுக்க முடியாது. மெல்லிய உளி விட்டு ஒட்டிய இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பிரிக்க வேண்டும், சில நேரம் தொடை எலும்பின் ஒரு பக்கத்தையே ஜன்னல் போலத் திறந்து எடுத்துவிட்டுப் பிறகு கம்பி கட்டி மூடுவார்கள். பந்து அல்லது கிண்ணத்தின் உள்ளுறை மட்டும் தேய்ந்திருந்தால் தண்டை அப்படியே விட்டு அவற்றை மட்டும் மாற்ற முடியும். அதற்கு உள்ளே இருப்பது எந்த மாடல், பந்தை மாட்டும் கழுத்தின் கூம்பு எந்த அளவு என்று தெரிய வேண்டும். எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகிப்பது எல்லா நேரமும் சரிவராது.

ஒவ்வொரு பாகத்தின் பெட்டிக்குள்ளும் மாடல், அளவு, லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒரு செட் மருத்துவமனைக் கோப்பில் ஒட்டப்படும். இன்னொன்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள், போனில் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு 61தான் ஆகிறது. இந்த ஸ்டிக்கர் தேவைப்படும் நாளில் இந்த டாக்டரும் இந்த மருத்துவமனையும் அங்கே இல்லாமல் போகலாம்.